கட்டுப் போட்டால் சரியாகிவிடுமா?

அடி சிறியதுதான். அதற்குப் பிறகு செய்யப்படும் வைத்தியம்தான் பல நேரங்களில் காலையும் கையையும் கெடுக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை, மல்காஜ்கிரியில் ரயில்வே குடியிருப்புகளை ஒட்டிக் கொஞ்சம் சமதளமாகக் கிடக்கும் இடமெல்லாம் கிரிக்கெட் மைதானம்தான். ஒரே திடலில் மூன்று ஆட்டங்கள் குறுக்கும் நெடுக்குமாக நடக்கும். ஒரு ஆட்டத்தின் பவுண்டரியில் நிற்பவர் இன்னொரு ஆட்டத்தின் விக்கெட் கீப்பருக்குப் பக்கத்தில் நிற்பார். பந்தைத் துரத்தும் பையனின் பாதம் ஒரு பள்ளத்தில் இறங்கி உட்பக்கமாக மடங்குகிறது. பத்து நிமிடத்தில் கணுக்காலின் வெளிப்பக்கம் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கிவிடுகிறது.

அடுத்து நடப்பது வழக்கமான நாடகம். தெலுங்கு பேசும் நண்பன் 'பெணிகிந்தி' என்கிறான். ஹிந்துஸ்தானி பேசுபவன் 'மோச்' என்கிறான். ரயில்வே வேலைக்காகச் சில தலைமுறைகளுக்கு முன் செகந்திராபாத் பக்கம் வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைக்கு அது சுளுக்கு. பெயர்தான் மூன்று, வைத்தியம் எல்லோருக்கும் ஒன்றே. ஒருவர் பாதத்தைப் பிடித்து 'சட்'டென்று இழுத்துவிடுகிறார். இன்னொருவர் தைலம் தேய்க்கிறார். வீட்டுக்குப் போனால் பாட்டி மூசாம்பரத்தைக் குழைத்துப் பத்துப் போடுகிறார், அல்லது வெந்நீர் ஒத்தடம். மறுநாளும் வீக்கம் குறையாவிட்டால் தெருமுனையில் 'புத்தூர் கட்டு' என்று பலகை மாட்டியிருக்கும் கடை.

பிரசவத்தில் கால் முதலில் வெளிவந்து பிறந்தவர் தடவிவிட்டால் சுளுக்குப் போய்விடும் என்ற நம்பிக்கை இன்றைக்கும் உயிரோடிருக்கிறது. அப்படிப்பட்டவர் தெருவில் ஒருவர் இருந்துவிட்டால் அவர் பாடு திண்டாட்டம்தான். தடவுவதால் பெரிய கெடுதல் இல்லை என்று விட்டுவிடலாம். இழுத்து 'சொடக்கு' எடுப்பதைத்தான் விட முடியாது. கணுக்காலில் சுளுக்கு என்பது எலும்பு இடம் மாறுவதல்ல, எலும்பையும் எலும்பையும் இணைக்கும் லிகமென்ட் என்ற நார் கிழிவது. பத்தில் எட்டுக்கும் மேற்பட்ட கணுக்கால் சுளுக்குகளில் கிழிவது வெளிப்பக்க நார்தான். கிழிந்த துணியை இரண்டு பக்கமும் இழுத்தால் என்ன ஆகும்? அதுதான் இங்கேயும் நடக்கிறது.

நான்கு அடி நடக்க முடிகிறதா?

இது சுளுக்கா, எலும்பு முறிவா என்பது முதல் கேள்வி. இதற்கு மேற்பார்வையில் விடை கிடையாது. முறிந்த எலும்போடு நொண்டி நடப்பவர்களும் உண்டு. வெறும் சுளுக்குக்கே அலறுபவர்களும் உண்டு. கனடாவின் ஒட்டாவா நகர டாக்டர்கள் 1992இல் இதற்கு ஓர் எளிய வழி சொன்னார்கள். உலகெங்கும் அவசர சிகிச்சைப் பிரிவுகளில் அதுதான் இன்று நடைமுறை.

கணுக்காலின் இரண்டு பக்கமும் துருத்திக்கொண்டிருக்கும் எலும்பு முட்டுகளின் பின்விளிம்பை, கீழ் நுனியிலிருந்து 6 செ.மீ. உயரம் வரை விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். பிறகு பாதத்தின் வெளிவிளிம்பில் நடுவே தட்டுப்படும் எலும்பு மேடு. பிறகு உட்பக்கம், பாத வளைவின் உச்சியில் உள்ள எலும்பு. இவற்றில் எங்கேயாவது எலும்பின் மேலேயே சுரீரென்று வலித்தால் எக்ஸ்ரே வேண்டும். அடிபட்டவுடனும், டாக்டரிடம் வந்த பிறகும், நொண்டியாவது நான்கு அடி நடக்க முடியாவிட்டாலும் எக்ஸ்ரே வேண்டும். இவை எதுவும் இல்லையென்றால் முறிவு இருக்க வாய்ப்பு மிகமிகக் குறைவு. இந்த விதியைக் கடைப்பிடித்த மருத்துவமனைகளில் தேவையற்ற கணுக்கால் எக்ஸ்ரேக்கள் கால் பங்குக்கு மேல் குறைந்தன. எடுத்த எடுப்பிலேயே ஸ்கேன் எழுதித் தரும் பழக்கம் பெருகிவிட்ட நம் நகரங்களில் நோயாளியும் இதைத் தெரிந்துவைத்திருப்பது பர்ஸுக்கு நல்லது. சிறு குழந்தைகளுக்கும், சர்க்கரை நோயால் காலில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கும், போதையில் இருப்பவருக்கும் மட்டும் இந்தச் சோதனை பொருந்தாது. அவர்களுக்கு வலி சரியான சாட்சியல்ல.

முறிவில்லை என்றால் ஐஸா, வெந்நீரா? இந்தப் பட்டிமன்றத்தில் ஒரு சுவாரஸ்யமான திருப்பம் உண்டு. ஓய்வு, ஐஸ், இறுக்கக் கட்டு, காலை உயர்த்தி வைத்தல் என்ற நான்கையும் சேர்த்து 'ரைஸ்' என்று பெயர் சூட்டியவர் கேப் மிர்கின் என்ற அமெரிக்க டாக்டர். 1978இல் அவர் எழுதிய விளையாட்டு மருத்துவப் புத்தகம் மூலம் அது வேதவாக்கானது. 36 ஆண்டுகள் கழித்து 2014இல் அவரே, ஐஸும் முழு ஓய்வும் ஆறுவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று எழுதினார். வீக்கம் என்பது உடல் தன்னைத் தானே பழுதுபார்க்க அனுப்பும் படை. அதை முழுக்க அடக்கிவிடுவது நல்லதல்ல என்பது வாதம். 2019இல் பிரிட்டிஷ் விளையாட்டு மருத்துவ இதழில் வந்த புதிய வழிகாட்டி ஐஸைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டது. முதல் சில நாள்கள் வீக்கத்தைக் குறைக்கும் மாத்திரைகளையும் தவிர்க்கலாம் என்றது.

ஐஸ் விஷமா என்றால் இல்லை. வலியை மரத்துப்போகச் செய்ய அதைப் போல மலிவான மருந்து வேறில்லை. துணியில் சுற்றி, ஒரு முறைக்கு 15 நிமிடம், முதல் ஓரிரு நாள்கள் மட்டும். நேராகத் தோலில் வைத்தால் தோல் வெந்துபோகும். முதல் 48 மணி நேரம் கூடாதவை வேறு: வெந்நீர் ஒத்தடம், அழுத்தித் தேய்த்தல், மது, மறுபடி ஓட்டம். உள்ளே ரத்தம் கசிந்துகொண்டிருக்கும்போது சூடு வைத்தால் கசிவு அதிகமாகும். தைலம் எரிச்சலைத் தந்து வலியை மறக்கடிக்கும். அவ்வளவுதான் அதன் வேலை.

பலர் கோட்டைவிடுவது இதற்குப் பிறகு. வீக்கம் வடிந்ததும் மைதானத்துக்குப் போய்விடுகிறார்கள். ஒரு முறை சுளுக்கிய கணுக்கால் மீண்டும் மீண்டும் சுளுக்குவதற்குக் காரணம் நார் பலவீனம் மட்டுமல்ல. பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் நுண்ணிய நரம்பு முனைகள் அந்த நாரில்தான் இருக்கின்றன. நார் கிழியும்போது அந்தத் தந்தியும் அறுந்துவிடுகிறது. அதை மீட்கச் செலவே இல்லாத பயிற்சி ஒன்று உண்டு. பல் தேய்க்கும்போது அடிபட்ட காலில் மட்டும் நிற்பது. முதலில் கண்ணைத் திறந்துகொண்டு, பிறகு சுவர் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு. ஆறு வாரம் செய்ய வேண்டும். ஒற்றைக் காலில் தவம் செய்த முனிவர்களுக்குக் கணுக்கால் சுளுக்கியதாகப் புராணங்கள் சொல்லவில்லை.

புத்தூரின் புகழ்

திருப்பதிக்கு அருகே, அரக்கோணம்-ரேணிகுண்டா ரயில் பாதையில் இருக்கிறது புத்தூர். அதையொட்டிய ராச்சபாளையம் கிராமத்தில் ஒரு ராஜு குடும்பம் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிய எலும்பு வைத்தியம்தான் புத்தூர் கட்டு. காட்டில் வேட்டையாடிய முயலை இலையால் சுற்றிக் கொண்டுவந்தபோது அதன் ஒடிந்த கால் கூடிவிட்டதாம்; அந்த இலையைத் தேடிப் பிடித்ததில் பிறந்தது மருந்து என்று கதை. மூலிகைப் பசை, முட்டை வெள்ளைக்கரு, மூங்கில் தப்பை, துணி இவைதான் சாமான்கள். தமிழ்நாட்டிலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் ஜனங்கள் இன்றும் ரயிலேறிப் போகிறார்கள். ஊரின் பெயரே ஒரு வைத்தியத்தின் பெயராகி, ஹைதராபாத் முதல் சென்னை வரை தெருவுக்குத் தெரு பலகையில் தொங்குகிறது. அந்தப் பலகைகளில் எத்தனைக்குப் புத்தூரோடு சம்பந்தம் உண்டு என்பது வேறு விஷயம்.

இதைக் கேலி செய்து ஒதுக்குவது சுலபம். ஆனால் பிரிட்டனின் எலும்பு மருத்துவத்துக்குத் தந்தை எனப்படும் ஹ்யூ ஓவன் தாமஸ் (1834-1891) பரம்பரையாக எலும்பு கட்டும் வேல்ஸ் குடும்பத்தில் வந்தவர்தான். அவர் வடிவமைத்த தொடை எலும்புச் சட்டம் முதல் உலகப் போரில் பெரும் எண்ணிக்கையில் சிப்பாய்களின் உயிரைக் காத்தது. இன்றும் அரசு மருத்துவமனைகளில் அது தொங்குகிறது. முறிந்த எலும்பை அசையாமல் வைத்தால் பெரும்பாலும் அது தானே கூடிக்கொள்ளும் என்பது நாட்டு வைத்தியருக்கும் தெரியும், டாக்டருக்கும் தெரியும். விலகாத முறிவு எந்தக் கட்டிலும் கூடும். புத்தூர் கட்டின் வெற்றிகளில் பெரும்பங்கு இந்த வகையைச் சேர்ந்ததுதான்.

ஆபத்து இரண்டு இடங்களில் இருக்கிறது. விலகிய எலும்பை, அதிலும் மூட்டுக்குள் முறிந்த எலும்பை, நேராக்காமல் கட்டினால் அது கோணலாகவே கூடும். அது பிறகு சரிசெய்யக்கூடியது. மற்றது சரிசெய்ய முடியாதது.

அடிபட்ட இடம் முதல் இரண்டு மூன்று நாள்கள் வீங்கிக்கொண்டே போகும். மேலே இருக்கும் கட்டு விரிந்துகொடுக்காது. தசைகள் ஏற்கனவே உறுதியான சவ்வு உறைகளுக்குள் அடைபட்டிருப்பவை. உள்ளே அழுத்தம் ஏறஏற, நுண்ணிய ரத்தக் குழாய்கள் நசுங்கித் தசைக்கு ரத்தம் போவது நின்றுவிடும். ஆறு மணி நேரத்தைத் தாண்டினால் தசை சாகத் தொடங்குகிறது. செத்த தசை சுருங்கி, விரல்கள் பறவையின் நகம்போல மடங்கி நிற்கும். ஜெர்மானிய அறுவை நிபுணர் ரிச்சர்ட் வோல்க்மான் 1881இல் இதை விவரித்து, இறுக்கமான கட்டையே காரணமாகச் சொன்னார். நிலைமை முற்றினால் அழுகல். கையையோ காலையோ எடுப்பதைத் தவிர வழியிருக்காது. மரத்திலிருந்தோ மாடிப்படியிலிருந்தோ விழுந்து முழங்கைக்குச் சற்று மேலே எலும்பு முறித்துக்கொள்ளும் ஐந்து முதல் ஏழு வயதுக் குழந்தைகள்தான் இதில் அதிகம் மாட்டிக்கொள்பவர்கள். மூங்கில் தப்பைக் கட்டில் மட்டும் நேர்வதல்ல இது. மருத்துவமனையில் போட்ட மாவுக்கட்டிலும் நேரும். வித்தியாசம், அங்கே வலி தாங்கவில்லை என்று திரும்பிப் போனால் கட்டை வெட்டித் தளர்த்துவார்கள். நாட்டுக்கட்டு போட்டவரோ 'எலும்பு கூடும்போது வலிக்கத்தான் செய்யும், பொறுத்துக்கொள்' என்று சொல்லி அனுப்பிவிடக்கூடும். பொறுத்துக்கொள்ளும் அந்த ஓர் இரவுதான் கையின் விலை.

ஆகவே யார் போட்ட கட்டாக இருந்தாலும் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியவை சில. கட்டுக்கு வெளியே விரல்கள் தெரிய வேண்டும். நகத்தை அழுத்தினால் வெளுத்து, விட்டதும் இரண்டு விநாடிக்குள் சிவக்க வேண்டும். விரல்கள் நீலம் பாய்ந்தாலோ, சில்லென்று ஆனாலோ, மரத்துப்போனாலோ காத்திருக்கக் கூடாது. அதற்கும் முன்பே வரும் முக்கியமான அறிகுறி, விரலை மெல்ல நீட்டிவிட்டாலே குழந்தை துடிப்பது. மாத்திரை கொடுத்தும் வலி ஏறிக்கொண்டே போவது. நள்ளிரவானாலும் அந்தக் கட்டு அப்போதே தளர்த்தப்பட வேண்டும். மல்காஜ்கிரிவாசிகளுக்கு உள்ளூரிலேயே அரசு ஏரியா மருத்துவமனை உண்டு. ரயில்வேக்காரர்களுக்கு லாலாகுடாவில் தென்மத்திய ரயில்வேயின் மத்திய மருத்துவமனை, பெரிய சிக்கலென்றால் முஷீராபாத்தில் காந்தி மருத்துவமனை. தூரம் ஒரு சாக்கே அல்ல.

ஒரு முழங்காலின் கதை

ஹைதராபாத்தில் விளையாட்டுக் காயம் என்றாலே நினைவுக்கு வரவேண்டிய பெயர் புல்லேலா கோபிசந்த். 1994இல் புனேயில் தேசிய விளையாட்டுப் போட்டி. இரட்டையர் ஆட்டத்தில் தன் ஜோடி வீரருடனேயே மோதி விழுந்தார். இடது முழங்காலில் நார் கிழிந்தது. அப்போது அவருக்கு வயது 20. இந்திய பாட்மின்டனில் அந்தக் காலத்தில் இது ஏறக்குறைய ஓய்வுக்கடிதம். அறுவை சிகிச்சைகள் ஒன்றுக்கு மேல் தேவைப்பட்டன. மாதக்கணக்கில் நடைப் பயிற்சி, தசைப் பயிற்சி. 1996 முதல் 2000 வரை தொடர்ந்து 5 ஆண்டுகள் தேசிய சாம்பியன். 2001 மார்ச் 11 அன்று பர்மிங்ஹாமில் சீனாவின் சென் ஹாங்கை 15-12, 15-6 என்று வென்று, 1980இல் பிரகாஷ் படுகோன் வாங்கிய ஆல் இங்கிலாந்து பட்டத்தை மறுபடி இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்.

முழங்காலின் நடுவே குறுக்காக ஓடும் நாரை டாக்டர்கள் ஏ.சி.எல். என்கிறார்கள். ஓடிக்கொண்டே சட்டென்று திரும்புவது, குதித்து ஒற்றைக் காலில் இறங்குவது - இவற்றில்தான் அது அறுகிறது. கபடியில் பாடிவருபவரின் காலைப் பிடித்துத் திருகும்போதும்தான். 'டப்' என்று ஒரு சத்தம் கேட்டதாகப் பலரும் சொல்வார்கள். இரண்டு மணி நேரத்துக்குள் முழங்கால் ரத்தம் கட்டி வீங்கும். ஒரு வாரத்தில் வீக்கம் வடிந்து, நேராக நடக்கவும் முடியும். வில்லங்கமே அங்கேதான். நன்றாகிவிட்டது என்று நினைத்து மறுபடி ஆடப்போனால் திரும்பும்போது முழங்கால் 'விட்டுக்கொடுக்கும்'. ஒவ்வொரு முறை விட்டுக்கொடுக்கும்போதும் உள்ளே இருக்கும் குருத்தெலும்பு மெத்தை அரைபடும். கல்லூரி அணியில் ஆடிய எத்தனையோ பேர் நாற்பது வயதில் மாடிப்படி ஏறத் தயங்குவதன் பின்கதை இது.

அறுந்தால் ஆபரேஷன்தானா? தொடையின் பின்தசையிலிருந்து நார் எடுத்து, நுண்துளை வழியே முழங்காலில் பொருத்தும் சிகிச்சை இன்று இந்தியாவின் பெருநகரங்களில் சர்வசாதாரணம். ஆனால் எல்லோருக்கும் அது கட்டாயமில்லை. 2010இல் வெளியான ஸ்வீடன் ஆய்வு ஒன்றில் 121 இளம் வயதினரை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு உடனே ஆபரேஷன். இன்னொன்றுக்கு முதலில் பயிற்சி, தேவைப்பட்டால் பின்னால் ஆபரேஷன். இரண்டு ஆண்டு கழித்துப் பார்த்தால் இரு குழுவின் முழங்கால்களும் ஏறக்குறைய ஒரே நிலையில் இருந்தன. பயிற்சிக் குழுவில் பாதிப் பேருக்கு மேல் கத்தியே தேவைப்படவில்லை. வேகமாகத் திரும்பி ஆடும் ஆட்டத்துக்குத் திரும்ப விரும்புபவருக்குக் கணக்கு வேறு. அலுவலகம் போய்வருபவருக்கு வேறு. ஆபரேஷனுக்குப் பிறகும் அவசரம் கூடாது. ஒன்பது மாதத்துக்கு முன்னால் களமிறங்குபவர்களுக்கு மீண்டும் கிழியும் ஆபத்து பல மடங்கு என்று ஆய்வுகள் காட்டுகின்றன. இந்திய நடைமுறையில் சிகிச்சை தோற்பது ஆபரேஷன் மேஜையில் அல்ல, பிஸியோதெரபியில். ஆபரேஷனுக்குக் கடன் வாங்கும் குடும்பம், ஒரு மாதத்துக்குப் பின் பிஸியோதெரபிஸ்டுக்குக் கொடுக்க மனமில்லாமல் நின்றுவிடுகிறது.

கோபிசந்தின் மாணவியாக இருந்த சாய்னா நேவால் ரியோவில் வலியோடு ஆடி வெளியேறினார். 2016 ஆகஸ்டில் மும்பையில் முழங்கால் ஆபரேஷன். ஐந்தே மாதத்தில் மலேசியாவில் பட்டம், 2017 உலக சாம்பியன்ஷிப்பில் வெண்கலம், 2018 காமன்வெல்த்தில் தங்கம். அற்புதமான மீட்சிதான். ஆனால் முழங்காலில் மூட்டுத் தேய்வு வந்துவிட்டதாகவும், குருத்தெலும்பு மோசமான நிலையில் இருப்பதாகவும் 2024இல் அவரே வெளிப்படையாகச் சொன்னார். பதக்கத்தைப் படம் பிடிக்கும் கேமராக்கள் இந்த விலையைப் படம் பிடிப்பதில்லை.

மல்காஜ்கிரிக்கு இன்னும் நெருக்கமானவர் பி.வி. சிந்து. பெற்றோர் இருவரும் வாலிபால் ஆட்டக்காரர்கள், ரயில்வேக்காரர்கள். அவர் ராக்கெட் பிடிக்கக் கற்றது செகந்திராபாத்தில் ரயில்வே சிக்னல் பயிற்சி நிலையத்தின் கோர்ட்டில். 2022 பர்மிங்ஹாம் காமன்வெல்த்தில் இடது கணுக்கால் வலியோடேயே ஆடித் தங்கம் வென்றார். ஊர் திரும்பியதும் ஸ்கேன் காட்டியது: 'ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர்'. உலக சாம்பியன்ஷிப் போனது. மறுபடி களம் கண்டது 2023 ஜனவரியில்.

இது விழுந்து முறிவதல்ல. கம்பியை மடக்கி மடக்கி நிமிர்த்தினால் ஓரிடத்தில் விரிசல் விடுமே, அதுபோல. ராணுவத்தில் சேரும் புதியவர்களுக்கும், போலீஸ் தேர்வுக்காகத் திடீரென்று தினமும் 5 கி.மீ. ஓடத் தொடங்கும் இளைஞர்களுக்கும் இது வருகிறது. ஓடும்போது ஒரே புள்ளியில் வலி. நின்றால் போய்விடும். சில வாரத்தில் நடந்தாலே வலிக்கும். முதல் மூன்று வாரம் எக்ஸ்ரேயில் ஒன்றுமே தெரியாமல் இருக்கலாம். 'எக்ஸ்ரே நார்மல், நடிக்கிறான்' என்று பயிற்சியாளர் திட்டுவதும் இந்தக் கட்டத்தில்தான்.

வீட்டுக்குள் ஒரு களம்

விளையாட்டே தெரியாதவர்களுக்கு வரும் விளையாட்டுக் காயங்கள் தனி ரகம். டென்னிஸ் ராக்கெட்டைத் தொட்டே பார்க்காத இல்லத்தரசிக்கு 'டென்னிஸ் எல்போ' வருகிறது, துணி பிழிவதில். சபில்குடா ஏரிக்கரையில் காலை நடை போகும் ஓய்வுபெற்ற குமாஸ்தாவுக்குக் குதிகால் வலி. படுக்கையிலிருந்து இறங்கி வைக்கும் முதல் அடியில் ஆணி குத்துவது போல இருக்கும். பத்து அடி நடந்தால் குறையும். தேய்ந்துபோன ரப்பர் செருப்பை மாற்றி, சுவரில் கை ஊன்றிக் கெண்டைக்கால் தசையை இழுத்துவிடும் பயிற்சியைத் தினமும் செய்தால் பெரும்பாலும் ஊசி இல்லாமலே சில மாதங்களில் சரியாகும். சில மாதங்கள் என்பதுதான் யாருக்கும் பிடிப்பதில்லை.

சமையல் காஸ் சிலிண்டரில் உள்ள எரிவாயு மட்டும் 14.2 கிலோ, சிலிண்டரோடு சேர்த்தால் சுமார் 30 கிலோ. அதை இடுப்பை வளைத்துத் தூக்குபவர்கள் முதுகைப் பிடித்துக்கொண்டு உட்கார்வதில் வியப்பில்லை. முழங்காலை மடக்கி உட்கார்ந்து, சுமையை உடம்போடு ஒட்டிப் பிடித்து எழ வேண்டும். பிடித்துக்கொண்ட முதுகுக்கு ஒரு காலத்தில் ஒரு வாரம் பலகைப் படுக்கை எழுதிக்கொடுத்தார்கள். இப்போது மாற்றிவிட்டார்கள்: ஓரிரு நாளுக்கு மேல் படுக்கக் கூடாது, முடிந்த அளவு நடமாட வேண்டும். சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, இரண்டு தொடைகளுக்கும் நடுவே மரத்துப்போனாலோ மட்டும் அன்றே மருத்துவமனை.

எல்லாவற்றிலும் கொடியது, எழுபது வயது அம்மா குளியலறையில் வழுக்கி விழுவது. இடுப்பெலும்பு முறிந்த கால் சற்றுக் குட்டையாகி, வெளிப்பக்கம் திரும்பிக் கிடக்கும். வயதாகிவிட்டது, ஆபரேஷன் தாங்காது என்று சொல்லி எண்ணெய் தடவிப் படுக்க வைத்துவிடும் குடும்பங்கள் ஏராளம். உண்மை நேரெதிர். படுக்கைதான் அந்த வயதில் தாங்காது. புண், நுரையீரல் சளி, ரத்தக் கட்டி என்று வரிசையாக வரும். முடிந்தால் இரண்டு நாளுக்குள் ஆபரேஷன் செய்து, அடுத்த நாளே எழுப்பி நிற்க வைப்பதுதான் உலகெங்கும் உள்ள வழக்கம். குளியலறைச் சுவரில் கைப்பிடிக் கம்பி ஒன்று பொருத்த ஆகும் செலவையும் ஆபரேஷன் செலவையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியதே இல்லை.

சில சில்லறை விஷயங்கள். தீக்காயத்துக்குக் குழாய்த் தண்ணீர், 20 நிமிடம். பேனா மை, பற்பசை, இட்லி மாவு எதுவும் வேண்டாம். மூக்கில் ரத்தம் வந்தால் தலையை அண்ணாந்து வைப்பதல்ல, முன்னால் குனிந்து மூக்கின் மென்பகுதியை 10 நிமிடம் பிடித்துக்கொள்வது. கார்க் பந்து பட்டு முழுப் பல்லும் விழுந்துவிட்டால் வேரைத் தொடாமல் எடுத்துப் பாலில் போட்டு, அரை மணிக்குள் பல் டாக்டரிடம் போனால் திரும்ப ஒட்டவைக்க வாய்ப்புண்டு. பால்பல்லுக்கு இது பொருந்தாது. தலையில் அடிபட்டவர் ஒரு நொடி நினைவு தப்பியிருந்தாலும் அன்றைக்கு மறுபடி ஆடக் கூடாது. வாந்தி, குழப்பம், ஏறிக்கொண்டே போகும் தலைவலி வந்தால் ஸ்கேன். சங்கராந்திப் பட்டம் விடும் நாள்களில் ஹைதராபாத்தில் ஸ்கூட்டரில் போகிறவர்கள் கழுத்தைத் துணியால் சுற்றிக்கொள்வது புத்திசாலித்தனம். நைலான் மாஞ்சாவுக்குத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017இல் தடை விதித்தும் கயிறு அறுப்பது நிற்கவில்லை. ரத்தம் கொட்டினால் மஞ்சள்தூளைத் தேடாமல் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடித்து, 108ஐக் கூப்பிட வேண்டும். நாடெங்கும் பரவிய அந்த ஆம்புலன்ஸ் சேவை 2005 ஆகஸ்ட் 15இல் தொடங்கியது இதே ஹைதராபாத்தில்தான். சாலையில் அடிபட்டவருக்கு உதவுகிறவரைப் போலீஸ் தொந்தரவு செய்யக் கூடாது என்று 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டமே சொல்கிறது.

இருபது நிமிடம்

வராமல் தடுப்பது? 2006இல் சர்வதேசக் கால்பந்துக் கூட்டமைப்பு 'இலெவன் பிளஸ்' என்ற பயிற்சியை வகுத்தது. மெதுவோட்டம், குந்தி எழுதல், ஒற்றைக் காலில் நிற்றல், முழங்காலை உள்ளே சாயவிடாமல் குதித்து இறங்குதல், முழங்காலிட்டு உடலை மெல்ல முன்னால் சாய்த்துத் தொடையின் பின்தசையை வலுவாக்குதல். மொத்தம் 20 நிமிடம், சாதனம் எதுவும் வேண்டாம். நார்வேயில் பதின்வயதுப் பெண்கள் அணிகளில் சோதித்து 2008இல் வெளியிட்ட முடிவில் காயங்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. பெண்களைச் சோதித்ததில் பொருள் உண்டு. முழங்கால் நார் அறுவது ஆண்களைவிடப் பெண்களுக்குச் சில மடங்கு அதிகம்.

நம் பள்ளிகளில் 'பி.டி. பீரியட்' மொத்தமே 40 நிமிடம். அதையும் பரீட்சை நெருங்கினால் கணக்கு வாத்தியார் வாங்கிக்கொள்வார். எஞ்சியதில் 20 நிமிடத்தை உடலைத் தயார்செய்யக் கொடுக்கப் பையன்கள் சம்மதிப்பார்களா என்பது நியாயமான சந்தேகம். சம்மதிக்க வைத்த இடங்களில் பயிற்சியாளர்கள் செய்தது எளிய தந்திரம்: பயிற்சியைப் பந்தோடு சேர்த்துவிட்டார்கள். நார்வே ஆய்விலேயே, பயிற்சியை அதிக முறை செய்த அணிகளில்தான் காயம் மிகவும் குறைந்திருந்தது. வாரத்துக்கு ஒருமுறை ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆட வருபவர்களுக்கோ, மற்ற ஆறு நாளும் நாற்காலியில் உட்கார்ந்திருந்த தொடைத்தசையோடு முதல் பந்திலேயே முழு வேகத்தில் ஓடிவந்து வீசும் பழக்கம். அவர்களுக்கு முதல் ஐந்து ஓவரில் தொடையின் பின்பக்கம் யாரோ கல்லெறிந்தது போல வலிக்கும். திரும்பிப் பார்த்தால் பின்னால் யாரும் இருக்க மாட்டார்கள்.